ஒப்பீட்டுக்குக் கொடுத்த ரத்தம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம் என்று வழக்கம்போல எழுதிவிடலாம். அது எவ்வளவு தூரம் சரி என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

அம்மா இறந்த மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியவள் ஒன்பது வருஷம் கழித்து எதற்கு எழுதுகிறாள் என்று தோன்றும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதை நீங்கள் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்கும். எழுத்தில் இருப்பது நல்லது.

என் வேலை என்னவென்று உங்களிடம் நான் சொன்னதே இல்லை. உடம்பில் ஒவ்வொரு செல்லும் தனக்குள் சேதி சொல்லிக்கொள்ளக் கால்சியத்தைப் பயன்படுத்துகிறது. தசை சுருங்குவதும் இதயம் துடிப்பதும் அந்தச் சேதியால்தான். சேதி நேரத்துக்குப் போனால் ஆரோக்கியம், நேரம் தவறிப் போனால் நோய். அதை நான் இதய செல்லில் பார்க்கிறேன். இருபத்தாறு வருஷமாக வேறெதையும் பார்க்கவில்லை என்றும் சொல்லலாம்.

போன வருஷம் ஒரு புதிய சோதனை தொடங்கினோம். நோயாளிகளின் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து, படிப்படியாக மாற்றி, கண்ணாடித் தட்டில் துடிக்கிற இதய செல்களாக வளர்ப்போம். ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத சிலருடைய ரத்தமும் வேண்டும். முறைப்படி அனுமதி வாங்கி நானும் கொடுத்தேன். குப்பியில் பெயர் இருக்காது. 'ஆரோக்கியமானவர் – 3' என்று மட்டும் ஒட்டியிருக்கும்.

என் ஆய்வு மாணவி, எப்போதும் கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு அலைகிறவள், ஜனவரியில் வந்து நின்றாள். "மேடம், மூணாம் நம்பர் சரியா வரல. அட்ரினலின் விட்டதும் நோயாளியோட செல் மாதிரியே கால்சியம் கசியுது. தட்டு மாறிப்போச்சு போல."

"திரும்பச் செய்" என்றேன்.

திரும்பவும் அப்படியே வந்தது. கவனமாகச் செய்யத் தெரியவில்லை என்று அவளைக் கடிந்துகொண்டேன். நாலாவது தடவை நானே உட்கார்ந்து செய்தேன். தட்டு மாறவில்லை. அது யாருடைய ரத்தம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அவளிடம் மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மரபணுவையும் பார்த்துவிட்டார்கள். ஒரே ஒரு எழுத்து பிசகியிருக்கிறது. இது அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்தது. உங்களுக்கு இருக்கச் சரிபாதி வாய்ப்பு. உங்களுக்கு இருந்தால் குழந்தைக்கும் சரிபாதி. படுக்க வைத்து எடுக்கிற இசிஜியில் ஒன்றும் தெரியாது. ஓடும்போதோ பயப்படும்போதோ கோபப்படும்போதோதான் தெரியும். சில பேருக்கு முதல் தடவை தெரிவதே கடைசித் தடவையாகவும் ஆகிவிடும்.

நீங்களும் குழந்தையும் ரத்தம் கொடுக்க வேண்டும். எங்கே, எப்படி என்பது தனித்தாளில் இருக்கிறது. முடிவு வரும்வரை அவளை ஓட விட வேண்டாம்.

அண்ணியிடம் என் அன்பைச் சொல்லவும்.

தங்கள் அன்புத் தங்கை

*

மார்ச் 16

பேராசிரியை அவர்களுக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? கடிதத்தைப் பிரித்ததும் மேலதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டு வந்த தாள் மாதிரி இருந்தது. முதல் பக்கம் முழுக்க நின்றுகொண்டே படித்தேன்.

ஒன்பது வருஷம். நாங்கள் இருக்கிறோமா செத்தோமா என்று ஒரு வரி கிடையாது. இப்போது எழுதுகிறாய், அதுவும் ரத்தம் கேட்டு. உன் அண்ணி சிரித்துவிட்டாள். "மத்த நாத்தனார் எல்லாம் சீர் கேப்பாங்க. உங்க தங்கச்சி ரத்தமே கேக்கறாங்க" என்றாள். அவளுக்குக் கோபமில்லை. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த வேலையையும் சேர்த்து நான்தான் செய்கிறேன்.

கால்சியம் என்றால் பாலில் இருப்பது, எலும்புக்கு நல்லது என்றுதான் எனக்குத் தெரியும். உன் அண்ணி முட்டி வலிக்கு அதைத்தான் மாத்திரையாக விழுங்குகிறாள். அது இதயத்தில் போய் என்ன சேதி சொல்லும்? எனக்கு ஐம்பத்தைந்து வயது. லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம். லிஃப்ட் ஓடினால் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். ஓடாத லிஃப்டைப் பார்க்கத்தான் போகிறோம், அதனால் எங்கே போனாலும் படி ஏறித்தான் போகிறோம். பன்னிரண்டு மாடி ஏறியிருக்கிறேன். கல்லு மாதிரி இருக்கிறேன்.

நீ எழுதுகிற 'குழந்தை'க்குப் பதினைந்து வயது. நாங்கள் குருவி என்று கூப்பிடுகிறோம். நானூறு மீட்டரில் பள்ளிக்கூடத்தில் அவளை அடிக்க ஆள் இல்லை. மே மாதம் மாவட்டப் போட்டி. அவளிடம் போய் ஓடாதே என்று எப்படிச் சொல்வது? உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அத்தைக்கு ஹார்ட்ல கோளாறுன்னா நான் ஏம்ப்பா நிக்கணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். போன நவம்பரில் ஓட்டம் முடிகிற கோட்டைத் தாண்டியதும் விழுந்துவிட்டாள். அரை நிமிஷம் கண் திறக்கவில்லை. வெயில், தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று பயிற்சியாளர் சொன்னார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அப்படித்தானே?

அண்ணன்

*

மார்ச் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

சரி, நீ என்றே எழுதுகிறேன்.

அப்படித்தானா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் வெயிலில் விழுகிறவர்கள் நின்று தள்ளாடி விழுவார்கள். ஓடுகிற வேகத்திலேயே, கை ஊன்றாமல் விழுந்தாளா என்று பயிற்சியாளரிடம் கேள். அவர் என்ன பதில் சொன்னாலும் இன்றிலிருந்து அவள் ஓடக் கூடாது. இதைத் தங்கையாகச் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் ஒருத்தி சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்.

உன் கேள்விக்குப் பதில். இதய செல்லுக்குள்ளே கால்சியத்தைச் சேர்த்து வைக்கிற சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பைக்கும் கதவு உண்டு. துடிப்பதற்கான உத்தரவு வந்ததும் கதவு திறக்கும். கால்சியம் வெளியே பாயும், தசை சுருங்கும். உடனே கதவு மூடிக்கொள்ளும், செல் கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் இறைத்துவிடும். நிமிஷத்துக்கு எழுபது தடவை, நாம் பிறப்பதற்கு முன்னாலிருந்தே. நம் வீட்டுக் கோளாறு அந்தக் கதவில்தான். சும்மா இருக்கும்போது ஒழுங்காக மூடியிருக்கும். உடம்பு பதறினால் உத்தரவு வராமலேயே திறந்துகொள்ளும். இதயம் குழம்பிப் போகும்.

நீ பார்க்கிற வேலையில் சொன்னால், மாடிக்கு நடுவே நிற்கிற லிஃப்ட் தானாகக் கதவைத் திறப்பது மாதிரி.

உனக்கு எதுவும் வந்ததில்லை என்பது சாட்சியாகாது. எனக்கும் ஐம்பத்திரண்டு வயதுவரை எதுவும் வந்ததில்லை. நான் வாழ்க்கையில் எதற்கும் ஓடாதவள், அவ்வளவுதான்.

அப்பாவை யோசித்துப் பார். முப்பத்தெட்டு வயதில், பட்டறையில் மேற்பார்வையாளரோடு உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்தார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். யாரும் திறந்து பார்க்கவில்லை.

அடுத்தது, நம் தம்பி, சின்னவன். நாற்பத்தோரு வருஷமாக நாம் இருவரும் பேசாத விஷயம். ஒன்பது வயதுப் பையன், நன்றாக நீந்தத் தெரிந்தவன், நீச்சல் குளத்தில் நெஞ்சளவுத் தண்ணீரில் எப்படி மூழ்கினான்? இந்த நோய் உள்ள குழந்தைகள் நீந்தும்போது இறந்தது பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு மூழ்கியதாகத்தான் தெரியும். உண்மையில் மூழ்குவதற்கு முன்பே இதயம் நின்றிருக்கும்.

நீ கவனிக்காமல் விட்டதால் நடந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அப்படி இல்லாமலும் இருந்திருக்கலாம். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உன் தங்கை

*

ஏப்ரல் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

ரத்தம் கொடுத்துவிட்டோம். நீ எழுதியதை டாக்டரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். "இவங்க உங்க சொந்தத் தங்கச்சியா?" என்று கேட்டார். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

பயிற்சியாளரிடமும் கேட்டேன். யோசித்துவிட்டு, "ஆமாங்க, கையே ஊனல. மூஞ்சி அடிபட்டுச்சே" என்றார். வீட்டுக்கு வந்து குருவியின் ஓட்டக் காலணியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள். "உங்களுக்கு அத்தை சொன்னா வேதம். நான் சொன்னா காத்து." இப்போது அவள் அம்மாவோடு மட்டும் பேச்சு. நான் இருக்கிற அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் போகிறாள்.

சின்னவனைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பதினைந்து நாள் வேலைக்குப் போனேன். ஒரு வேலையிடத்தில் லிஃப்ட் குழிக்குள் உட்கார்ந்து திரும்பப் படித்தேன். நீ இரக்கப்பட்டு எழுதியிருக்கிறாய், தெரிகிறது. ஆனால் உனக்கு முழு விவரம் தெரியாது. யாருக்கும் தெரியாது.

நான் துணி மாற்றப் போயிருந்தேன், அவன் தனியாகக் குதித்துவிட்டான் என்றுதானே சொன்னேன்? அது பொய்.

நாங்கள் போட்டி போட்டோம். எதிர்ச் சுவரை யார் முதலில் தொடுவது என்று. நான்தான் ஆரம்பித்தேன். அவன், "நீ பெரியவன், நீதான் ஜெயிப்பே. எனக்குப் பாதி தூரம் கொடு" என்றான். "பயந்தாங்கொள்ளி, வர்றதுன்னா வா" என்றேன். வந்தான். முழு வேகத்தில் வந்தான், காலடிக்கும் சத்தம் பின்னாலேயே கேட்டது. நான் சுவரைத் தொட்டதும் ஏறி, அப்படியே குழாயடிக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயித்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுதான் கெத்து என்று பதினாலு வயதில் ஒரு நினைப்பு. தலை துவட்டி முடித்த பிறகுதான் அங்கே சத்தம் கேட்டது.

இப்போது சொல். நீ சொல்கிற கதவு அவனுக்குள் இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். அதைத் திறந்தது யார்?

அதற்குப் பிறகு அம்மா முப்பத்திரண்டு வருஷம் என்னோடுதான் இருந்தாள். தினமும் என் தட்டில் சாப்பாடு போட்டாள். சட்டை கிழிந்தால் தைத்துக் கொடுத்தாள். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் முடிவு. உனக்கு இருக்கிறது. குருவிக்கும் இருக்கிறது. ஆய்வகத்தின் தாளை இணைத்திருக்கிறேன். டாக்டரிடம் நான் நேற்றே பேசிவிட்டேன். இருவருக்கும் இன்றிலிருந்தே மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. குருவிக்கு டிரெட்மில்லில் நடக்க வைத்து ஒரு சோதனை செய்வார்கள், பக்கத்திலேயே டாக்டர் இருப்பார், பயப்பட வேண்டாம். போட்டி ஓட்டம் இனி இல்லை. நடக்கலாம், மிதிவண்டி மெதுவாக ஓட்டலாம், படிக்கலாம், வயதாகலாம். இந்த வருஷம் மாவட்டப் போட்டியில் அவள் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை.

நானும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன். முதல் வாரம் கொஞ்சம் சோர்வாக இருக்கும். பிறகு பழகிவிடும்.

நீ எழுதியதற்குப் பதில் சொல்லும் முன் நானும் ஒன்று சொல்ல வேண்டும். நீ சொல்லிவிட்டாய். நான் சொல்லாமல் இருந்தால் அது சரியில்லை.

சின்னவன் இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஓடிவந்தவன் என் முன்னால் விழுந்தான். முகம் வெளிறிவிட்டது. எண்பது வரை எண்ணினேன், எழுந்தான். "அம்மாகிட்ட சொல்லிடாதே. நீச்சலை நிறுத்திடுவாங்க" என்று கெஞ்சினான். சொல்லாமல் இருப்பதற்கு தன் வாசனை ரப்பரைக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். அவன் இறந்த அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவிடம், "இதுக்கு முன்னாடி மயக்கம் ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டபோது நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அம்மா இல்லை என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பதினோரு வயதுக் குழந்தை, விடு என்பாய். விட்டுவிடலாம். ஆனால் இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், எனக்கு இருபத்தொன்பது வயதில், இந்த நோயைப் பற்றிய கட்டுரையை முதல்முறை படித்தேன். ஓடும்போது மயக்கம், நீந்தும்போது மரணம், குடும்பத்தில் இளவயதுச் சாவு. இரண்டாம் பக்கத்திலேயே புரிந்துவிட்டது. எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து மூன்றாம் பக்கத்தைப் படித்தேன்.

அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எழுதினால் தாழ்வாரத்தில் நடந்ததையும் எழுத வேண்டியிருக்கும். நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்வோம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். அப்போது என் ரத்தத்தையே சோதித்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. அம்மா அதற்குப் பிறகு பதினாலு வருஷம் உயிரோடு இருந்தாள். அவள் போன மறுநாளே நான் ஏன் இங்கே ஓடிவந்தேன் என்பதற்கும் இதுதான் காரணம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

கதவைத் திறந்தது யார் என்று கேட்டாய். அந்தக் கோளாறு இருந்திருந்தால் ஒரு பந்து, ஒரு நாய், ஒரு பரீட்சை, எது வேண்டுமானாலும் திறந்திருக்கும். ஆனால் விழுந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

உன் தங்கை

*

ஜூன் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. எதிர்பார்த்ததுதான். டாக்டர் மூலம் விசாரித்துக்கொள்கிறேன். குருவியின் சோதனையில் துடிப்பு தப்பியதாகவும் மாத்திரைக்குப் பிறகு ஒழுங்காகிவிட்டதாகவும் சொன்னார். நல்ல செய்தி.

இங்கே தேர்வுத் தாள்கள் திருத்திக்கொண்டிருக்கிறேன். 'ஆரோக்கியமானவர் – 3' யார் என்று மாணவியிடம் சொல்லிவிட்டேன். பழைய நோட்டைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு, "அப்போ என் சோதனை சரிதான், இல்லையா மேடம்?" என்றாள். ஆமாம் என்றேன். நல்ல ஆராய்ச்சியாளராக வருவாள்.

பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. மாத்திரையை மட்டும் விடாதே.

உன் தங்கை

*

ஜூன் 20

தங்கச்சிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் இருந்த வார்த்தைகளை உன் அண்ணி பார்த்தாள். "இதை அனுப்பினா அப்புறம் நீங்க ரெண்டு பேரும் இல்லாமலே போயிடுவீங்க" என்றாள். அவள்தான் கிழித்தாள்.

பதினாலு வருஷம். அதைத்தான் தாண்ட முடியவில்லை. தாழ்வாரத்தில் நீ சொல்லாமல் இருந்தது ஒன்றுமில்லை, நானும் அந்த வயதில் பொய் சொன்னவன்தான். ஆனால் படித்தவள், விவரம் தெரிந்தவள், அம்மா கண் முன்னால் இருந்தபோது ஒரு வரி. ஒரே ஒரு வரி. 'பெரியவன்மேல் தப்பு இல்லாமலும் இருக்கலாம்' என்று எழுதியிருந்தால் போதும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் என்னை வேறு மாதிரி பார்த்திருப்பாள். அதை நீ எடுத்துக்கொண்டாய். எனக்கு அது கோபம்தான். இன்றைக்கும் கோபம்தான். டாக்டர் கோபப்படக் கூடாது என்கிறார், அதனால் மெதுவாகக் கோபப்படுகிறேன்.

இன்னொரு பக்கம், குருவி எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். சோதனையில் அந்தத் திரையில் கோடு தாறுமாறாகப் போனதை நான் பார்த்தேன். நீ எழுதியிருக்காவிட்டால் அவள் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டாள். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இத்துடன் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். அம்மாவின் தையல் மிஷின் இழுப்பறையில் பொத்தான் டப்பா இருந்தது. அதற்குள் காகிதத்தில் மடித்து நம் மூன்று பேருடைய பால் பற்கள். ஒவ்வொரு மடிப்பிலும் அவள் கையெழுத்து. பெரியவன், பொண்ணு, சின்னவன். குருவிதான் எங்கோ படித்துவிட்டு வந்து கேட்டாள். "அப்பா, பழைய பல்லுல இருந்தும் பாக்கலாமாமே. சித்தப்பாவுக்கும் இருந்துச்சான்னு தெரிஞ்சுடும்ல?"

ஒரு வாரம் யோசித்தேன். அனுப்புகிறேன்.

என்ன வந்தாலும் உள்ளதை எழுது. எனக்காக வளைக்காதே. இனிமேல் ஒரு விஷயத்தை அரையும் குறையுமாகத் தெரிந்துகொண்டு வாழ எனக்குத் தெம்பில்லை.

அண்ணன்

*

ஜூலை 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொட்டலம் பத்திரமாக வந்தது. அம்மாவின் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிரித்தேன்.

இதை நான் செய்யவில்லை. நான் செய்தால் எனக்கு வேண்டியதுதான் கண்ணுக்குத் தெரியும். பழைய எலும்பு, பல் இவற்றில் அனுபவம் உள்ள வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். சின்னவனுடைய மடிப்பிலிருந்த இரண்டு பல்லைத் தனித்தனியாக, தனித்தனி ஆட்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் ஒரே பையனுடைய பல். உன்னுடையது அல்ல. உன் ரத்தத்தோடும் என் ரத்தத்தோடும் ஒப்பிட்டதில் நம் உடன்பிறந்தவன்தான். அதில் சந்தேகம் இல்லை.

அவனுக்கு அந்தக் கோளாறு இல்லை.

மூன்றாவது தடவையும் பார்க்கச் சொன்னேன். இல்லை. அந்த எழுத்து அவனுக்குச் சரியாக இருக்கிறது. கோளாறு நம் இருவருக்கும் இருக்கிறது. அவனுக்கு இல்லை.

தாழ்வாரத்தில் அவன் விழுந்தது சாதாரண மயக்கமாக இருந்திருக்கலாம். அன்று அவன் காலையில் சாப்பிடவில்லை என்று இப்போது ஞாபகம் வருகிறது. ஞாபகத்தை அவ்வளவு நம்ப முடியாது. தண்ணீரில் என்ன நடந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. களைத்திருக்கலாம், மூச்சில் தண்ணீர் ஏறியிருக்கலாம். நெஞ்சளவுத் தண்ணீரில் அது நடக்காது என்று நான் எழுதியது தவறு. நடக்கும்.

மார்ச்சில் நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆதாரம் இல்லாமல் உனக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்தேன். மாணவர்கள் அப்படிச் செய்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

முடிவு வந்து பத்து நாள் ஆகிறது. இந்தப் பத்து நாளும் உனக்கு வேறு மாதிரி எழுதினால் என்ன என்று யோசித்தேன். மறுபடி யாரும் சோதிக்கப் போவதில்லை. ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். ஒரு கடிதம் அப்படி எழுதவும் செய்தேன். நன்றாகத்தான் இருந்தது. இருபத்து மூன்று வருஷம் சொல்லாமல் இருந்து உனக்குச் செய்ததை, இந்த முறை சொல்லி உனக்குச் செய்வதாக இருக்கும் என்று தோன்றியது. அதை அனுப்பவில்லை.

பற்களைத் திருப்பி அனுப்புகிறேன். இரண்டில் கொஞ்சம் துளை போட்டிருக்கிறார்கள். மன்னித்துக்கொள்.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. படித்துவிட்டு வேலைக்குப் போனேன். எட்டு மாடிக் கட்டிடம், கம்பி வடம் மாற்றுகிற வேலை. மாலை வரை வேறு எதையும் நினைக்காமல் அதைப் பார்த்தேன். திரும்பி வந்து உன் அண்ணியையும் குருவியையும் உட்கார வைத்து, போட்டி போட்டதைச் சொன்னேன். உன் அண்ணிக்கே இதுவரை தெரியாது. முப்பது வருஷம் சேர்ந்து வாழ்கிறோம்.

குருவிதான் கேட்டாள். "அவர் கூப்பிட்டாராப்பா? உதவிக்கு?"

"தெரியல. நான் குழாயைத் திறந்துவிட்டிருந்தேன். சத்தத்துல கேக்கல."

"கேட்டிருந்தா போயிருப்பீங்களா?"

"போயிருப்பேன்."

"அப்புறம் என்னப்பா?" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் உட்கார்ந்தாள்.

நீ வேறு மாதிரி எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நீ சொல்வது எதையும் நம்பக்கூடிய நிலைமையில்தான் இருந்தேன். நீ அப்படி எழுதவில்லை. நான்கு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதினாலு வருஷத்தைப் பற்றியும் நினைத்தேன். அப்போது நீ எழுதியிருந்தால் அம்மா ஒரு தவறான விஷயத்தை நம்பிக்கொண்டு, நிம்மதியாகப் போயிருப்பாள். அது நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. உன்னாலும் முடியாது என்று நினைக்கிறேன். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கீழே வைத்துவிட்டேன். தேவைப்பட்டால் எடுத்துக்கொள்வேன்.

நான் போட்டிக்குக் கூப்பிட்டேன். அவன் வந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மூழ்கிவிட்டான். இவ்வளவுதான் நடந்தது. எழுதினால் நான்கு வரிகூட வரவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி அவனுடைய நாள். அன்றைக்கு இந்த வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை, அம்மா காலத்திலிருந்தே பழகிவிட்டது. இந்த வருஷம் பேசலாம் என்றிருக்கிறேன். குருவிக்குச் சித்தப்பா எப்படி இருந்தான், எப்படிச் சிரித்தான் என்று ஒன்றும் தெரியாது. சொல்லலாம் என்று உட்கார்ந்தால் எனக்குப் பாதிதான் ஞாபகம் வருகிறது. மீதி உன்னிடம்தான் இருக்கும். அவனைப் பார்த்தவர்கள் இப்போது நாம் இரண்டு பேர்தான்.

முந்தின நாள் பகல் வண்டியில் கிளம்பி வா. பெட்டியைக் கூலிக்காரரிடம் கொடு, நீ தூக்காதே. நேரமாகிவிட்டால் ஓடாதே. ஒரு மணி நேரத்தில் அடுத்த வண்டி இருக்கிறது. நான் நிலையத்தில்தான் இருப்பேன்.

அண்ணன்